எட்டுப் போடும் கிரகம்

அண்ணி: ...அந்த ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும். இந்த ஸ்டூல்ல உக்கார வெச்சு, ரெண்டு லைட்டையும் மூஞ்சிக்கு நேரா திருப்பி...

கொழுந்தன்: யாரைச் சொல்றீங்க அண்ணி?

அண்ணி: வேற யாரை? கறாரை.

கொழுந்தன்: ...ஓ.

அண்ணி: என்ன ஓ? பத்திரிகையில அறிவியல் கேள்வி பதில் எழுதறானே, அந்தக் கறார். சொந்தப் பேரைப் போட்டுக்கத் தைரியம் கிடையாது. மூஞ்சியைக் காட்டத் தைரியம் கிடையாது. அடுத்தவ நாவலைக் கிழிக்க மட்டும் வந்துட்டான். சாப்பாட்டை அங்க வை. ஐயோ, கேமரா பை மேல வைக்காதே!

கொழுந்தன்: சரி சரி. அப்படி என்னதான் சொன்னாராம்?

அண்ணி: பதிப்பகத்து எடிட்டரம்மா போன்ல அப்படியே ஒப்பிச்சாங்க. 'எழுத்து நல்லா இருக்கு. கிரகம் செத்துப் போச்சு.' அவ்வளவுதான். இத்தனை வருஷம் உக்காந்து எழுதினதுக்கு ரெண்டு வரி.

கொழுந்தன்: எழுத்து நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காரே...

அண்ணி: நீ என்ன, அவனுக்கு வக்கீலா?

கொழுந்தன்: இல்லை அண்ணி, சும்மா...

அண்ணி: சும்மா இரு. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தவன் தூங்காம எதுக்குச் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிட்டு ஸ்டுடியோவுக்கு வந்தே? உங்க அண்ணன் எங்க?

கொழுந்தன்: அண்ணன்தான் கொண்டு வர்றதா இருந்துச்சு. நான் வாங்கிட்டு வந்துட்டேன். தூக்கம் வரலை.

அண்ணி: உனக்கா? நின்னுக்கிட்டே தூங்கற ஆளாச்சே நீ.

கொழுந்தன்: எடிட்டர் வேற ஒண்ணும் சொல்லலையா?

அண்ணி: சாயந்திரத்துக்குள்ள கிரகத்தைப் பொழைக்க வெச்சா அச்சுக்குப் போகும். கறார் சரின்னு சொல்லணும், அதுதான் கண்டிஷன். இல்லேன்னா என் இடத்துல 'தொப்பை குறைய எளிய வழிகள்' போகுது. எனக்கு அடுத்த வாய்ப்பு எப்பன்னு அவங்களுக்கே தெரியாதாம்.

கொழுந்தன்: தொப்பையா?

அண்ணி: சிரிக்காதே. ஆமா, நீ படிச்சப்ப என்ன சொன்னே?

கொழுந்தன்: சூப்பர் அண்ணின்னு சொன்னேன்.

அண்ணி: அதையேதான் என் ரசத்துக்கும் சொல்றே. உங்க அண்ணன் அதுக்கும் மேல. 'பிரமாதம்'னு சொல்லிட்டு, முதல் பக்கம் திருப்பறதுக்குள்ள குறட்டை.

கொழுந்தன்: சரி, கறார் சொன்னதுல என்ன புரியலை, சொல்லுங்க. நானும் காலேஜ்ல பாதி வரைக்கும் இயற்பியல் படிச்சவன்தானே.

அண்ணி: எல்லாம் புரியுது. ஒத்துக்கத்தான் முடியலை. ரெண்டு சூரியன். வெள்ளை பெருசு, ஆரஞ்சு சின்னது. என் கிரகம் வெள்ளையை ஒரு சுத்து சுத்திட்டு, நடுவுல தாண்டி, ஆரஞ்சை ஒரு சுத்து. எட்டு மாதிரி. தாண்டற இடத்துக்குப் பேரு திருப்பம். திருப்பம் தவறிட்டா கிரகமே இருட்டுக்குள்ள போயிடும்னு ஊர் ஜனமெல்லாம் பயந்து, வீடு வாசலை விட்டுட்டுக் குகைக்குள்ள போய்ப் படுத்துக்குவாங்க. கதையே அதுதான்.

கொழுந்தன்: அந்த எட்டு நிக்காது அண்ணி.

அண்ணி: அவனும் அதையே...

டிரைவர்: அக்கா, லைசென்ஸ் புதுப்பிக்கணும். போட்டோ உடனே கிடைக்குமா? டாக்ஸியை வாசல்ல ஒரு மாதிரியா நிறுத்தியிருக்கேன்.

அண்ணி: வாங்க, அந்த ஸ்டூல்ல உக்காருங்க. லைட்டு சூடாகணும், ஒரு நிமிஷம். தம்பி, நீ சொல்லு. ஏன் நிக்காது?

டிரைவர்: எது நிக்காது?

அண்ணி: கிரகம். எட்டுப் போடற கிரகம்.

டிரைவர்: எட்டுதானே? நான் கூட பைக் லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுத்தான் பாஸ் பண்ணேன். காலைக் கீழ ஊணாம! நான் போட்டா கிரகம் போடாதா?

அண்ணி: பார்த்தியா? பதில் சொல்லு.

கொழுந்தன்: உங்களுக்குக் கையில ஹேண்டில் பார் இருந்துச்சு. கிரகத்துக்கு ஏது? அது இழுக்கற பக்கம் போகும். எட்டோட நடு இருக்கே, அங்க ரெண்டு சூரியனும் சமமா இழுக்கும். ஒரு தடவை தாண்டலாம். ரெண்டு தடவை தாண்டலாம். ஒரு மயிரிழை தப்பினா போதும், ஒரு சூரியன்ல போய் விழும், இல்லே வெளிய தூக்கி எறிஞ்சுடும். உயிர் முளைக்கக் கோடி வருஷம் வேணும் அண்ணி. அத்தனை கோடி வருஷம் ஸ்டீயரிங் இல்லாம எட்டுப் போட முடியுமா?

டிரைவர்: ...நான் கூட ரெண்டாவது எட்டுல காலை ஊணிட்டேன். இன்ஸ்பெக்டர் போன் பேசிக்கிட்டு இருந்தார்.

அண்ணி: நீங்க யார் பக்கம்?

டிரைவர்: நான் போட்டோ பக்கம் அக்கா.

அண்ணி: அப்ப ரெண்டு சூரியன் இருக்கற இடத்துல ஒருத்தனும் வாழவே முடியாதா?

கொழுந்தன்: தாராளமா வாழலாம். ரெண்டு வழி இருக்கு. ரெண்டு சூரியனும் நெருக்கமா ஒண்ணையொண்ணு சுத்தணும், கிரகம் ரொம்பத் தள்ளி நின்னு ரெண்டையும் சேர்த்துச் சுத்தணும். அது ஒண்ணு. இல்லேன்னா ஒரு சூரியன்கிட்டயே ஒட்டிக்கணும், இன்னொண்ணு எட்டத்துல இருக்கணும். ரெண்டு வீட்லயும் மாறி மாறிக் கை நனைக்கறது மட்டும் நடக்காது.

டிரைவர்: என் மாமனார் வீட்டு விவகாரம் மாதிரியே இருக்கு.

அண்ணி: இருங்க... தம்பி, அந்த ஆரஞ்சு பல்பு லைட்டை இழுத்துட்டு வா. பழசு, ஸ்டாண்டு ஆடும், பார்த்து. அதை வெள்ளை லைட்டுக்குப் பக்கத்துலயே வை. இப்பப் பாரு. நெருக்கமா ரெண்டு சூரியன். இவர்தான் கிரகம்.

டிரைவர்: நானா?

அண்ணி: நீங்கதான். அசையாதீங்க. தம்பி, என்ன தெரியுது?

கொழுந்தன்: மூஞ்சி பூரா வெளிச்சம். ரெண்டும் சேர்ந்தே உதிக்கும், சேர்ந்தே மறையும்.

அண்ணி: லைசென்ஸ் போட்டோவுக்கு நல்லது. கதைக்கு ஆகாது. ஒரு சூரியனுக்கு வீங்கின மாதிரி இருக்கு, அவ்வளவுதான். ரெண்டாவது வழியைப் பார்ப்போம். ஆரஞ்சை வாசல் கிட்டக் கொண்டு போ.

கொழுந்தன்: வயர் எட்டாது.

அண்ணி: எட்டும், கேமரா மேஜைக்குக் கீழ விடு... ஆங். இப்ப வெள்ளை இவருக்குக் கிட்ட, ஆரஞ்சு தூரத்துல. இவர் நடுவுல. நீங்க வெள்ளை லைட்டையே பாருங்க.

டிரைவர்: கண்ணு கூசுது அக்கா.

அண்ணி: கிரகம் பேசாது. தம்பி, பின்னாடி வந்து பாரு!

கொழுந்தன்: மூஞ்சியில வெள்ளை. பின்னந்தலையில... ஆரஞ்சு. நல்லா பளபளன்னு.

டிரைவர்: தலையைப் பத்திப் பேச வேண்டாம் தம்பி.

அண்ணி: பகல் முடிஞ்சு ராத்திரி வந்தா இருட்டு கிடையாது! ஆரஞ்சு ராத்திரி! இப்ப இவரை வெள்ளை லைட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி, மறுபடி வெள்ளையைப் பார்க்கத் திருப்பு. ஸ்டூல்ல சக்கரம் இருக்கு. நீங்க எழுந்திரிக்காதீங்க, காலை மட்டும் தூக்கிக்குங்க.

டிரைவர்: மெதுவா... மெதுவா தள்ளுங்க... நான் ஓட்டித்தான் பழக்கம், உக்காந்து வந்து பழக்கமில்லை!

கொழுந்தன்: இப்ப ரெண்டு லைட்டும் முன்னாடி. பின்னந்தலை கும்மிருட்டு.

அண்ணி: ஆக, பாதி வருஷம் ஆரஞ்சு ராத்திரி. பாதி வருஷம் கருப்பு ராத்திரி. தம்பி, இது நிக்குமா? தூக்கி எறியாதா?

கொழுந்தன்: எறியாது. ரெண்டு சூரியனுக்கும் நடுவுல இருக்கற தூரத்துல, அஞ்சுல ஒரு பங்குக்குள்ள வெள்ளையை ஒட்டியே சுத்தினா கோடி கோடி வருஷம் நிக்கும்.

அண்ணி: குளிர்ல சாகாதா? வெயில்ல வேகாதா?

கொழுந்தன்: சூடு வெள்ளையில இருந்துதான். ஆரஞ்சு அவ்வளவு தூரத்துல விளக்கு மாதிரிதான். ஆனா நம்ம நிலா வெளிச்சமெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை. படிக்கலாம், தைக்கலாம், அறுப்பு அறுக்கலாம்.

அண்ணி: ...நல்லாத்தான் இருக்கு. ஆனா என்ன பிரயோசனம்? எட்டு போச்சே.

கொழுந்தன்: எட்டு எதுக்கு அண்ணி? கிரகம் பொழைச்சுதே.

அண்ணி: எட்டு இல்லேன்னா திருப்பம் இல்லை. திருப்பம் இல்லேன்னா பயம் இல்லை. பயம் இல்லேன்னா குகை எதுக்கு, கடைசி அத்தியாயம் எதுக்கு? கிரகம் பொழைச்சுது, கதை செத்துப் போச்சு. அந்தக் கறார் கேட்டா ரொம்ப சந்தோஷப்படுவான்.

கொழுந்தன்: அவர் ஏன் சந்தோஷப்படணும்...

அண்ணி: அவனுக்கு அதுதான் சோறு. எனக்கு லைட்டு போடத்தான் தெரியும் தம்பி. கழட்டி வை எல்லாத்தையும். தொப்பை புத்தகமே வரட்டும். உங்க அண்ணனுக்காவது உதவும்.

டிரைவர்: அக்கா... எட்டு போச்சுங்கறீங்க. அந்தச் சுவத்துல இருக்கே, அது என்ன?

அண்ணி: எது?

டிரைவர்: பிரேம் போட்டு மாட்டியிருக்கீங்களே. மொட்டை மாடி, தண்ணித் தொட்டி, மேல வானத்துல புள்ளி புள்ளியா எட்டு. ரோட்டு லைட்டா?

அண்ணி: அது சூரியன்.

டிரைவர்: அத்தனையுமா?

அண்ணி: ஒரே சூரியன்தான். இந்த ஜன்னல்ல கேமராவை அசையாம நிறுத்தி, வாரம் ஒரு தடவை, கடிகாரத்துல அதே நேரத்துக்கு, ஒரே பிலிம் மேலயே திரும்பத் திரும்ப எடுத்தேன். வருஷம் முடிஞ்சு கழுவிப் பார்த்தா, எட்டு. ஸ்டுடியோ ஆரம்பிச்ச புதுசுல எடுத்தது. அதைப் பார்த்துத்தான் நாவலே தோணுச்சு.

டிரைவர்: அட! அப்ப நம்ம பூமியும் எட்டுப் போடுதா?

கொழுந்தன்: இல்லை இல்லை. பூமி சாய்ஞ்சு சுத்துது. அதனால சூரியன் வருஷத்துல மேலயும் கீழயும் போற மாதிரி தெரியும். அந்தச் சாய்வாலயும், பூமி சில மாசம் வேகமாவும் சில மாசம் மெதுவாவும் போறதாலயும், பக்கவாட்டுலயும் தள்ளும். ரெண்டும் கலந்தா வானத்துல எட்டு. பூமி போற வழி சாதாரண வட்டம் மாதிரிதான்.

டிரைவர்: பார்த்தா எட்டு. போறது வட்டம்.

கொழுந்தன்: அதே.

அண்ணி: ...திரும்பச் சொல்லுங்க.

டிரைவர்: நான் தப்பா ஏதாவது...

அண்ணி: சொல்லுங்க!

டிரைவர்: பார்த்தா எட்டு. போறது வட்டம்.

அண்ணி: தம்பி. என் முதல் அத்தியாயத்துல என்ன நடக்குது?

கொழுந்தன்: பொட்டுக்காரி வர்றா. கூரையில ஒரு ஓட்டை. தினமும் மணல் கடிகாரம் காலியாகற நேரத்துக்கு, ஓட்டை வழியா வெளிச்சம் தரையில எங்க விழுதோ அங்க ஒரு பொட்டு வைப்பா. அதுதான் அவ வேலை.

அண்ணி: பொட்டெல்லாம் சேர்ந்தா?

கொழுந்தன்: எட்டு.

அண்ணி: அந்த எட்டைப் பார்த்து ஊர் ஜனம் என்ன சொல்லுது?

கொழுந்தன்: 'நாம போற வழி தரையில எழுதியிருக்கு'ன்னு... அண்ணி!

அண்ணி: என்ன?

கொழுந்தன்: அண்ணி, அது வழி இல்லை!

அண்ணி: வழி இல்லைடா! படம்! வெறும் படம்! படத்தைப் பார்த்து வழின்னு நினைச்சது யாரு? நான்! வருஷம் பூரா கேமராவுக்குப் பின்னாடி நிக்கற நானே அப்படி நினைச்சேன்னா, அந்த ஊர் ஜனம் நினைக்காதா? அவங்களுக்குப் பாதி வருஷம் ராத்திரியில ஆரஞ்சு சூரியன் வேற. 'பாரு, அதுக்கிட்டப் போயிட்டோம்'னு நினைக்க மாட்டாங்களா?

கொழுந்தன்: நினைப்பாங்க. கண்டிப்பா நினைப்பாங்க.

அண்ணி: எட்டு கிரகத்தோட தப்பு இல்லை. ஜனங்களோட தப்பு. பொட்டுக்காரி ஒருத்திதான் அதைக் கண்டுபிடிக்கறா!

டிரைவர்: எனக்குப் புல்லரிக்குது. ஏன்னு தெரியலை.

கொழுந்தன்: இருங்க, இருங்க. ஒரு சிக்கல் இருக்கு. கறார் இதைக் கண்டிப்பா கேப்பார்.

அண்ணி: அவன் என்ன கேப்பான்னு உனக்கு எப்படி...

கொழுந்தன்: ...கேக்கற ஆளுதானே. அந்த ஆரஞ்சு சூரியனும் ஒரே இடத்துல நிக்காது. வெள்ளையைச் சுத்தி அதுவும் நகரும். மெதுவா. ஒரு சுத்துக்கு ஒரு மனுஷ ஆயுசு ஆகும். அதனால ஆரஞ்சு ராத்திரி தொடங்கற நாள் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் தள்ளிப் போகும். எட்டோட நடுவுல பொட்டு விழற நாள்லயே வந்து நிக்காது. உங்க ஜனங்க நம்பறதுக்கு அது ஒத்து வராது. கதை ஒழுகுது.

அண்ணி: தள்ளிப் போகுமா?

கொழுந்தன்: போகும். சாரி அண்ணி.

அண்ணி: வருஷா வருஷம்?

கொழுந்தன்: நாலஞ்சு நாள். அதை மாத்த முடியாது.

அண்ணி: யாருடா மாத்தச் சொன்னா? அதுதான் சாட்சி!

கொழுந்தன்: என்ன?

அண்ணி: ஆரஞ்சு ராத்திரி தொடங்கற அன்னைக்கு மட்டும் பொட்டு வைக்க மாட்டாங்க. ஆணி அடிப்பாங்க. பொட்டு அழியும், ஆணி அழியாது. இவளுக்கு முன்னாடி இருந்த பொட்டுக்காரிங்க அடிச்ச ஆணியெல்லாம் தரையிலயே இருக்கு. ஜனம் எட்டோட நடுவைத்தான் பார்க்கும். 'இந்த வருஷம் திருப்பம் கொஞ்சம் தாமதம்'னு சொல்லிட்டுப் போயிடும். இவ ஒருத்திதான் குனிஞ்சு பெருக்கறா. இவ காலுக்குத்தான் ஆணி இடறுது. வரிசையா. எட்டு மேல ஊர்ந்து போகுது ஆணி. நிஜமாவே எட்டு வழியில போனா, ஆணி எல்லாம் ஒரே இடத்துலதானே இருக்கணும்?

கொழுந்தன்: இருக்கணும். ஐயோ, இருக்கணும் அண்ணி! எட்டு பொய்யின்னு ஆணி சொல்லுது! என்கிட்ட... யார்கிட்டயும் இதுக்குப் பதில் இல்லை!

டிரைவர்: அப்புறம்? குகைக்குப் போற அன்னைக்கு என்ன ஆகுது?

அண்ணி: எல்லாரும் போயிடறாங்க. ஊர் காலி. ஆடு மாடெல்லாம் அவுத்து விட்டாச்சு. இவ மட்டும் போகலை. கூரைக்குக் கீழ உக்காந்திருக்கா. மணல் காலியாகுது. வெளிச்சம் விழுது. போன வருஷம் விழுந்த அதே இடம். தரை அதிரலை. காத்து மாறலை. ஒரு பொட்டு வைக்கறா. எழுந்து போய்க் குகைக் கதவைக் கல்லால இடிக்கறா.

டிரைவர்: இடிச்சு?

அண்ணி: 'வெளிய வாங்க. நாம எங்கயும் போகலை.'

டிரைவர்: யம்மா!

கொழுந்தன்: அண்ணி, போனை எடுங்க. எடிட்டருக்கு இப்பவே பண்ணுங்க. சாயந்திரம் வரைக்கும் எதுக்கு?

அண்ணி: இரு... ஹலோ, மேடம், நான்தான். கிரகம் பொழைச்சுடுச்சு. ...இல்லை, எட்டுப் போடலை. வெள்ளையை மட்டும்தான் சுத்துது, ஆரஞ்சு தூரத்துல. ...எட்டு இருக்கு மேடம், ஆனா தரையில. ஜனங்க அதைப் பார்த்து ஏமாந்து போறாங்க. ...ஆமா. பொட்டுக்காரி குகைக்குப் போக மாட்டா. ...கடைசி அத்தியாயம் ஒண்ணுதான் புதுசா எழுதணும், மத்ததுல அங்கங்க தட்டிக் கொட்டினாப் போதும். ...சரி. ...சரி, வெச்சுடறேன்.

கொழுந்தன்: என்ன சொன்னாங்க?

அண்ணி: அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. இப்பவே கறாரைக் கேட்டுட்டுச் சொல்றாங்களாம்.

கொழுந்தன்: இப்பவேயா?

அண்ணி: இப்பவே. ஏன், உனக்கு வேர்க்குது?

கொழுந்தன்: லைட்டு சூடு. நான்... கை கழுவிட்டு வர்றேன்.

டிரைவர்: தம்பி, உங்க பாக்கெட்ல போன் அடிக்குது.

கொழுந்தன்: அடிக்கட்டும். ராங் நம்பர்.

டிரைவர்: எடுக்காமலே ராங் நம்பரா?

அண்ணி: எடு தம்பி. யாராவது அவசரமா கூப்பிடுவாங்க. இங்கயே பேசு.

கொழுந்தன்: ...ஹலோ. ...ம். ...ம், கேட்டேன். ...இல்லை, இப்ப நீங்க சொன்னதைக் கேட்டேன்னு சொன்னேன். ...நிக்கும். கிரகம் நிக்கும். ...ஆமா, அந்த ஆணி விஷயம் கச்சிதம், அதை யாரும் அசைக்க முடியாது. ...எந்த ஆணியா? நீங்கதானே இப்ப... சொல்லலையா? ...சொல்லலை. சரி. அது எழுதி வரும்போது பாருங்க. ...என்னோட பதிலா? அச்சுக்கு அனுப்புங்க. ...ஆமா, தொப்பையை எடுத்துடுங்க.

டிரைவர்: அடேங்கப்பா.

அண்ணி: போகுதா?

கொழுந்தன்: போகுது அண்ணி. உங்க புத்தகம் அச்சுக்குப் போகுது.

அண்ணி: நல்லாச் சொல்லு.

கொழுந்தன்: அச்சுக்குப் போகுது!

டிரைவர்: அப்ப இவ்வளவு நேரம் அக்கா திட்டிக்கிட்டு இருந்த அந்தக் கறார்...

கொழுந்தன்: நான்தான்.

டிரைவர்: அக்கா, நான் வேணா அப்புறமா வர்றேன். குடும்ப விஷயம்...

அண்ணி: உக்காருங்க. உங்களை இன்னும் ஒரு படம் கூட எடுக்கலை.

கொழுந்தன்: பேரே இல்லாமதான் வந்துச்சு அண்ணி. கூரை ஓட்டையைப் பார்த்ததும் உங்களோடதுன்னு தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சும்தான் சொன்னேன். வெளிய வந்து யாராவது சிரிச்சா எனக்குப் பொறுக்காது. திட்டறதுன்னா திட்டுங்க.

அண்ணி: காலையில இருந்து வேற என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன்?

கொழுந்தன்: ...உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

அண்ணி: 'சில வீடுகளில் பிரிட்ஜ் கதவை முட்டியால் இடித்தால்தான் மூடும், ஏன்?'னு ஒரு கேள்விக்குப் பதில் எழுதினியே, நம்ம வீட்டை விட்டா எந்த ஊர்ல எத்தனை வீட்ல அப்படி மூடறாங்க? அன்னைக்கே தெரியும். வீட்ல கேட்டா நீ 'சூப்பர் அண்ணி'க்கு மேல ஒரு வார்த்தை சொல்ல மாட்டே. அதான் என் பேரைக் கிழிச்சுட்டு, கறாருக்கு அனுப்புங்க, அவன் ஒத்துக்கிட்டா மட்டும் போடுங்கன்னு எடிட்டரம்மாகிட்ட நான்தான் சொன்னேன். சரி, போய் அந்த ஆரஞ்சு லைட்டை அணை. இவருக்கு ரெண்டு நிழல் விழுது.